வேலையின்மை விகிதம் யாரை எண்ணுகிறது? ஆப்பிரிக்க இளைஞர்களின் கணக்கும் நமக்கான கேள்விகளும்

ஆப்பிரிக்க நாடுகளின் இளைஞர் வேலையின்மை விகிதங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழுவது குழப்பமே. தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 24 வயது வரையுள்ளோரின் வேலையின்மை விகிதம் 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. துனிசியாவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. கென்யாவில் ஏறத்தாழ 12 விழுக்காடு. நைஜீரிய அரசின் கணக்கின்படி 2023 முதல் காலாண்டில் அங்கு 6.9 விழுக்காடு. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றான நைஜரிலோ அது மிகக் குறைவுதான் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது.

இதே அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் இளைஞர் வேலையின்மை விகிதம் 8.9 விழுக்காடு. உலகச் சராசரி 13 விழுக்காடு. அதாவது, பசியும் கடனும் போரும் மிகுந்த பகுதியில் வேலையின்மை உலகச் சராசரியைவிடக் குறைவு.

இந்த எண்களை அப்படியே நம்பினால், தென்னாப்பிரிக்க இளைஞர்கள் வேலை தேடி நைஜருக்குச் சென்றுகொண்டிருக்க வேண்டும். நடப்பது அதுவன்று. மொசாம்பிக், மலாவி, சிம்பாப்வே ஆகிய நாடுகளின் இளைஞர்கள்தாம் எல்லை கடந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடி வருகிறார்கள். அப்படியென்றால் இந்த விகிதம் உண்மையில் எதைத்தான் அளக்கிறது? ஒடுக்கப்பட்டோரின் வேலையுரிமை குறித்துப் பேசுகிற நாம் இக்கேள்விக்குத் தெளிவான விடையை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் இதே அளவுகோல்தான் நம் நாட்டிலும் பயன்படுகிறது.

வரையறையில் இருக்கிறது வழக்கு

சட்டம் பயின்றவர்களுக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். ஒரு சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைவிட அதன் வரையறைப் பிரிவே பல வழக்குகளின் முடிவைத் தீர்மானிக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் இயற்றப்பட்ட சட்டம், உலர் கழிப்பிடங்களைச் சார்ந்தே அத்தொழிலாளரை வரையறுத்தது; பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் அதன் பார்வைக்கு வெளியே நின்றார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரையறையை விரிவாக்கியது. ஆனால் அரசு அறிவிக்கும் கருவிகளுடனும் பாதுகாப்புக் கவசங்களுடனும் அதே வேலையைச் செய்பவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார் என்ற விளக்கத்தையும் அது சேர்த்துக்கொண்டது. மனிதர் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. வரையறை மாறியதால் கணக்கு மாறியது.

வேலையின்மை விகிதமும் இப்படிப்பட்ட ஒரு வரையறையின் விளைவே. பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட விதியின்படி ஒருவர் வேலையற்றவர் என்று எண்ணப்பட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் அவர் ஊதியத்துக்கோ ஆதாயத்துக்கோ ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது. வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும். கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி ஏதேனும் முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

சாலையோரத்தில் ஒரு மணி நேரம் பழம் விற்றவர் வேலையில் உள்ளவர். தேடித் தேடிச் சலித்து, பேருந்துக் கட்டணத்துக்கும் வழியின்றி வீட்டில் முடங்கியவர் உழைப்புப் படையிலேயே இல்லாதவர். இவ்விருவரும் விகிதத்தை உயர்த்துவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விகிதம் எல்லா இளைஞர்களையும் அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. வேலையில் இருப்போர், வேலை தேடுவோர் ஆகிய இரு பிரிவினரின் கூட்டுத்தொகையில் தேடுவோரின் பங்கே அது. பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்போர் கணக்கில் வருவதில்லை. ஆகவே தென்னாப்பிரிக்காவின் 60 விழுக்காடு என்பதை ‘பத்து இளைஞர்களில் ஆறு பேருக்கு வேலை இல்லை’ என்று மேடையில் சொல்வது பிழை. அங்கு 2025 முதல் காலாண்டில் அந்த வயதில் சுமார் 1 கோடியே 3 லட்சம் பேர் இருந்தனர். கல்வியிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லாதவர்கள் அவர்களில் சுமார் 38 லட்சம், அதாவது ஏறத்தாழ 37 விழுக்காடு. அதுவே கொடுமைதான், அதை மிகைப்படுத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நைஜீரியாவும் ருவாண்டாவும்: ஒரே வினா, எதிரெதிர் விடை

வரையறையின் வலிமைக்கு நைஜீரியாவைவிடச் சிறந்த சான்று இல்லை. 2020 கடைசிக் காலாண்டில் அந்நாட்டின் புள்ளியியல் அமைப்பு அறிவித்த ஒட்டுமொத்த வேலையின்மை விகிதம் 33.3 விழுக்காடு. 15 முதல் 34 வயது வரையுள்ளோரிடையே அது 42.5 விழுக்காடு. அடுத்து வந்த கணக்கு 2023இல் வெளியானது. அதன்படி 2022 கடைசிக் காலாண்டின் விகிதம் 5.3 விழுக்காடு, 2023 முதல் காலாண்டில் 4.1 விழுக்காடு.

இரண்டே ஆண்டுகளில் கோடிக்கணக்கானோருக்கு வேலை கிடைத்துவிடவில்லை. முன்பு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்தவர்களை நைஜீரியா வேலையற்றவர் என்றே எண்ணியது. 20 முதல் 39 மணி நேரம் வரை வேலை செய்தவர்களைக் குறைவேலையில் உள்ளோர் என்று தனியே வகைப்படுத்தியது. பின்னர் அந்நாடு பன்னாட்டு விதிக்கு மாறியது. ஒரு மணி நேரம் போதும் என்றாயிற்று. அதே மனிதர்கள், அதே தள்ளுவண்டிகள், அதே கூலி. விகிதம் மட்டும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. புதிய கணக்கை வெளியிட்ட அதே அமைப்பு, வேலையில் இருப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் முறைசாரா வேலைகளில் இருப்பதாகவும் பதிவு செய்தது. செய்தித் தலைப்புகளில் இடம்பிடித்தது முதல் எண் மட்டுமே.

ருவாண்டாவில் நேர்மாறாக நடந்தது. அங்கு 2014 வாக்கில் சுமார் 2 விழுக்காடாக இருந்த வேலையின்மை விகிதம், சில ஆண்டுகளிலேயே 16 விழுக்காட்டைத் தாண்டியது. அங்கும் பொருளாதாரம் திடீரென நொறுங்கிவிடவில்லை. 2013இல் கூடிய உழைப்புப் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு ஒரு முக்கியமான திருத்தத்தைச் செய்தது. தன் வீட்டு உணவுக்காக மட்டும் பயிரிடுபவரை இனி வேலையில் உள்ளவர் என்று எண்ணக் கூடாது என்பதே அது. அதை ருவாண்டா பின்பற்றியபோது, வயலில் உழைத்தும் கையில் காசில்லாதவர்களில் ஒரு பகுதியினர், வேறு வேலை தேடியதால், வேலையற்றோராகக் கணக்கில் தோன்றினர்.

ஒரு நாட்டில் வரையறை மாறி விகிதம் விழுந்தது. இன்னொரு நாட்டில் வரையறை மாறி விகிதம் எழுந்தது. நாடுகளை ஒப்பிடும் பட்டியலைக் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: இரு நாடுகளும் ஒரே வரையறையில்தான் எண்ணப்பட்டனவா, ஒரே வயதுப் பிரிவினர்தாமா?

வேலையற்றிருக்க வழியில்லாதவர்கள்

வரையறையைச் சரிசெய்த பிறகும் வேறுபாடு முழுவதும் மறைந்துவிடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முடிந்தவரை ஒரே முறையில் மதிப்பிடும்போதும் நைஜரும் புருண்டியும் அடியிலும், தென்னாப்பிரிக்காவும் எஸ்வாத்தினியும் மேலேயும் நிற்கின்றன. ஏன்?

வேலையின்றி இருப்பதற்கும் ஓர் ஆதாரம் வேண்டும். தந்தையின் ஓய்வூதியம், அண்ணனின் சம்பளம், அரசின் உதவித்தொகை என ஏதோ ஒன்று சோறு போட்டால்தான் ஒருவர் தன் தகுதிக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்க முடியும். அத்தகைய ஆதாரம் எதுவுமற்ற நைஜரின் இளைஞர், கிடைத்த எந்த வேலையையும் அன்றே செய்தாக வேண்டும். ஆப்பிரிக்காவில் வேலையில் இருக்கும் 15 முதல் 24 வயது வரையுள்ளோரில் 94.9 விழுக்காட்டினர் முறைசாரா வேலைகளில் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை கூறியது. ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, நாளை உண்டா என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் அவர்கள் வேலையில் உள்ளவர்கள்.

நைஜரில் வேலையின்மையைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஹதிஜாத்து மானி என்ற பெண் தன் 12ஆம் வயதில் விற்கப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் அடிமையாக உழைத்தவர். விடுபட்ட பின் தான் விரும்பியவரை மணந்ததற்காக, முன்பே மணமானவர் என்று சொல்லி அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2008 அக்டோபர் 27 அன்று, அவரை அடிமைத்தனத்திலிருந்து காக்கத் தவறியது நைஜர் அரசு என்று தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. அந்நாடு அடிமைமுறையைக் குற்றமாக்கியது 2003இல்தான். கண்டத்தின் மிகக் குறைந்த வேலையின்மை விகிதங்களுள் ஒன்றைக் கொண்ட நாட்டின் நிலை இது. விகிதம் குறைவு என்பதால் உழைப்பு விடுதலை பெற்றுவிட்டது என்று பொருளாகாது.

தென்னாப்பிரிக்கா: பறிக்கப்பட்ட நிலத்தின் கணக்கு

இப்போது பட்டியலின் மறுமுனைக்கு வருவோம். கண்டத்தின் தொழில்வளம் மிக்க நாடுகளுள் ஒன்றான தென்னாப்பிரிக்காவில் ஏன் இவ்வளவு உயர்ந்த விகிதம்? அங்கும் ஒரு மணி நேரம் பழம் விற்றால் வேலையில் உள்ளவர்தானே? ஏன் அந்த இளைஞர்கள் பழம் விற்கவில்லை, ஏன் பயிரிடவில்லை?

விடை வரலாற்றில் இருக்கிறது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது. 1936இல் அது ஏறத்தாழ 13 விழுக்காடாக்கப்பட்டது. எஞ்சிய நிலத்தில் அவர்கள் கூலிகளாக மட்டுமே இருக்கலாம். 1950ஆம் ஆண்டுக் குடியிருப்புப் பகுதிச் சட்டம் நகரங்களை இனவாரியாகப் பிரித்து அவர்களை வெகுதொலைவுக்குத் துரத்தியது. நகருக்குள் நடமாட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது; அந்தச் சட்டங்கள் 1986இல்தான் நீக்கப்பட்டன. 1953ஆம் ஆண்டு பண்ட்டு கல்விச் சட்டம், கறுப்பினக் குழந்தைகளை அடிநிலை வேலைகளுக்கு மட்டுமே தயார்செய்யும் தனிக் கல்வியை நிறுவியது. வெள்ளையர் நகரங்களில் கறுப்பின மக்கள் கடை வைப்பதும் தெருவில் விற்பதும் பல பதிற்றாண்டுகள் ஒடுக்கப்பட்டன.

நைஜரின் ஏழை இளைஞருக்கு வறண்டதாயினும் ஒரு துண்டு நிலமோ சந்தையில் ஓர் ஓரமோ உண்டு. தென்னாப்பிரிக்கக் கறுப்பின இளைஞரின் பாட்டனாரிடமிருந்து அவ்விரண்டும் சட்டத்தின் பெயரால் பறிக்கப்பட்டன. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் மலிவான கூலியாட்கள் வேண்டும் என்பதே அப்பறிப்பின் நோக்கம். சுரங்கங்களுக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படாத காலம் வந்தபோது, திரும்பிச் செல்ல நிலமும் இல்லை, தொடங்குவதற்குக் கடையும் இல்லை. உயர்ந்த வேலையின்மை விகிதம் என்பது அங்கு நிறவெறி ஆட்சி விட்டுச்சென்ற வெறுமையின் அளவு.

இதை நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை ஒவ்வொரு காலாண்டிலும் இனவாரியாக விகிதத்தை வெளியிடுகிறது. கறுப்பின ஆப்பிரிக்கரிடையே வேலையின்மை 37 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது வெள்ளையரிடையே அது 7, 8 விழுக்காட்டு அளவிலேயே நிற்கிறது. ஒரே நாடு, ஒரே வரையறை, ஒரே காலாண்டு. மேலும், தேடுவதையே கைவிட்டவர்களையும் சேர்த்த விரிந்த விகிதம் ஒன்றையும் அத்துறை வெளியிடுகிறது. 2025 முதல் காலாண்டில் வழக்கமான விகிதம் 32.9 என்றால் விரிந்த விகிதம் 43.1.

1998இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தனியார் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் எந்தப் பதவி நிலையில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்பதை அரசிடம் ஆண்டுதோறும் தெரிவித்தாக வேண்டும். அதன் வழியாகத்தான், உழைப்புப் படையில் ஏறத்தாழ 8 விழுக்காடே உள்ள வெள்ளையர், உயர் நிர்வாகப் பதவிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இன்றும் அமர்ந்திருப்பது ஊரறிந்த உண்மையானது. சட்டம் அநீதியை நீக்கிவிடவில்லை. ஆனால் அநீதியை மறுக்க முடியாதபடி செய்திருக்கிறது.

துனிசியா: படித்தவர்களின் காத்திருப்பு

வட ஆப்பிரிக்காவின் கதை வேறு. துனிசியா கல்வியைப் பரவலாக்கிய நாடு. படித்தால் அரசு வேலை என்பது அங்கு ஒரு தலைமுறையின் நம்பிக்கை. அவ்வேலைகள் சுருங்கியபோது பட்டதாரிகள் காத்திருக்கத் தொடங்கினர். இன்று பட்டதாரிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. பெண் பட்டதாரிகளின் விகிதம் ஆண்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். கடற்கரை நகரங்கள் வளர்ந்தன. கஃப்சா, கஸ்ரீன், சீதி பூசிது போன்ற உள்நாட்டுப் பகுதிகள் புறக்கணிக்கப்பட்டன. 2008 சனவரியில் கஃப்சா சுரங்கப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம், பாசுபேட் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு முடிவுகளில் நடந்த முறைகேடு.

2010 டிசம்பர் 17 அன்று சீதி பூசிதில் தீக்குளித்த முகமது பூஅசீசியை உலகம் அறியும். அவருடைய மரணத்தைத் தொடர்ந்து பத்தே நாள்களில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். வேலையின்மைக்கு எதிரான எழுச்சியின் முகமாக அவர் நினைவுகூரப்படுகிறார். ஆனால் பூஅசீசி தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றவர். பன்னாட்டு வரையறையின்படி அவர் வேலையற்றவர் அல்லர். அவரைச் சாவுக்குத் துரத்தியது அன்றாடம் அந்த வேலையிலேயே அவர் சந்தித்த பறிமுதலும் இழிவும். ஒரு நாட்டையே கவிழ்த்த அந்தத் துயரத்தை வேலையின்மை விகிதம் பதிவுசெய்திருக்க வழியே இல்லை.

எண்ணப்படாத பிறப்பு

தென்னாப்பிரிக்கா இனவாரியாக எண்ணுகிறது. கண்டம் முழுவதும் அப்படியன்று. நைஜீரியாவின் இக்போ மக்களிடையே ‘ஓசு’ என்று பிறப்பால் விலக்கப்பட்டோர் உண்டு. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று முத்திரை குத்தி, மண உறவிலும் பொது வாழ்விலும் அவர்களை ஒதுக்கும் வழக்கத்தைக் கிழக்கு மண்டலச் சட்டமன்றம் 1956இலேயே ஒழித்துச் சட்டம் இயற்றியது. வழக்கம் முற்றாக ஒழியவில்லை. மௌரித்தானியாவில் அடிமைகளின் வழிவந்த ஹராத்தீன் மக்கள் இருக்கிறார்கள். அந்நாடு அடிமைமுறையை ஒழித்ததாக அறிவித்தது 1981இல்; அதைக் குற்றமாக்கியது 2007இல். நைஜீரியாவின் 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தையும் மதத்தையும்கூடக் கேட்கவில்லை. கேள்வியே இல்லாத இடத்தில் ஓசு இளைஞரின் வேலையின்மை எவ்வளவு என்பதற்கு விடை எங்கிருந்து வரும்?

இம்மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அன்று. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில், இந்திய அரசின் எதிர்ப்பையும் மீறித் தலித் அமைப்புகள் சாதியை உலகின் முன் வைத்தன. அடுத்த ஆண்டே, இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு சாதியையும் அதையொத்த முறைகளையும் உள்ளடக்கும் என்று தெளிவுபடுத்தியது. அவ்வாறு பாதிக்கப்பட்டோரின் நிலையைத் தனியே தரவுகளாகத் திரட்ட வேண்டும் என்பதும் அப்பரிந்துரையின் பகுதி.

நாம் கேட்க வேண்டியவை

இந்தியாவின் உழைப்புப் படைக் கணக்கெடுப்பிலும், நடப்பு வார முறையில், ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவர் வேலையில் உள்ளவரே. அந்த ஒரு மணி நேரம் சாக்கடைக் குழிக்குள் கழிந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குறித்த விகிதங்களை அக்கணக்கெடுப்பின் ஆண்டறிக்கை தருகிறது என்பது உண்மை. ஆனால் தனியார் நிறுவனங்கள் எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தவரை அமர்த்தியுள்ளன என்பதைத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கு இல்லை.

எனவே அடுத்த முறை ‘வேலையின்மை குறைந்தது’ என்ற தலைப்பைக் காணும்போது ஐந்து கேள்விகளைக் கேட்போம். எந்த வயதினர்? எந்த வரையறை, அது அண்மையில் மாறியதா? வேலையில் இருப்போரில் எத்தனை பேருக்கு ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பும் உண்டு? தேடுவதைக் கைவிட்டோரும், கல்வியிலும் வேலையிலும் இல்லாதோரும் எத்தனை பேர்? இவை அனைத்தும் சாதிவாரியாக, பாலினவாரியாகக் கிடைக்கின்றனவா? கல்லூரி விவாதங்களிலும் தகவல் உரிமை மனுக்களிலும் பொதுநல வழக்குகளிலும் இக்கேள்விகள் பயன்படும்.

ஐந்தாவது கேள்விக்கு இங்கு விடை கிடைக்க வேண்டுமானால் அதற்கொரு சட்டம் தேவை. ஐம்பது பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள் பதவிநிலை வாரியாகச் சாதி விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை நம் முதல் கோரிக்கையாக வைக்கலாம். இடஒதுக்கீட்டைத் தனியார் துறைக்கு விரிவாக்கும் வழக்கு எந்த மன்றத்தில் எப்போது நடந்தாலும், அங்கு முதலில் கேட்கப்படப்போவது சான்று. அந்தச் சான்றை யாரும் நமக்காகத் திரட்டி வைத்திருக்கப்போவதில்லை.